பனாவே பயணம்: என் மாற்றுக் கருத்து

சென்ற மாதம் நம் கழகத்தின் செயலவைக் கூட்டத்தில் அதிக நேரம் விவாதிக்கப்பட்டது முத்தமிழ் விழாவும் அல்ல, உறுப்பினர் சந்தாவும் அல்ல. பருவ இடைவிடுமுறையில் பதினொரு பேர் போவதாக இருக்கும் ஒரு பயணம்தான். பிலிப்பைன்ஸ் நாட்டின் வடக்கே, இஃபுகாவ் மாநிலத்தில் உள்ள பனாவே என்ற மலையூர். மலையை அடியிலிருந்து உச்சிவரை படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் நீர் கட்டி நெல் விளைவிக்கும் இடம். படம் பார்த்த அன்றே எல்லாரும் கையைத் தூக்கிவிட்டார்கள். நானும்தான்.

சிக்கல் பயண நிரலில் தொடங்கியது. சுற்றுலாப் பொறுப்பாளர் அண்ணன் இரவெல்லாம் விழித்துத் தயாரித்த நிரல் அது; அவர் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஐந்து நாள், நான்கு இரவு. முதல் நாள் மணிலாவில் இறங்கி இரவுப் பேருந்து. இரண்டாம் நாள் காலை பனாவேயில் காட்சிமுனை, படம் எடுத்தல், நண்பகலில் சகாடாவுக்குப் புறப்பாடு. மூன்றாம் நாள் சகாடாவில் பாறையில் தொங்கும் சவப்பெட்டிகள், பிறகு பாகியோ. நான்காம் நாள் பாகியோவில் பூங்கா, சந்தை. மீண்டும் இரவுப் பேருந்து. ஐந்தாம் நாள் விமானம்.

நான் ஒரு தாளை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். மணிலாவிலிருந்து பனாவேக்கு ஒன்பது பத்து மணி நேரம். அங்கிருந்து பொந்தோக் வழியாகச் சகாடா மூன்று மணி நேரம். சகாடாவிலிருந்து பாகியோவுக்கு மலைப்பாதையில் ஐந்தாறு மணி. பாகியோவிலிருந்து மணிலா இன்னும் ஐந்தாறு மணி. ஆக, வண்டியில் உட்கார்ந்திருப்பது ஏறத்தாழ இருபத்தைந்து மணி நேரம். எந்த வயலைப் பார்க்கப் போகிறோமோ அந்த வயலுக்கு முன்னால் நிற்பது இரண்டு மணி நேரம். அதுவும் சாலையோரத்தில்.

இதைச் சொன்னபோது, "அவ்வளவு தூரம் போய்விட்டு ஒரே ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்புவதா?" என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். மாதக் கடைசியில் மைகி தின்று சேர்த்த பணம். நம்மில் பலருக்குக் கடப்பிதழே முதல் கடப்பிதழ். அதில் எத்தனை ஊர் அடங்குமோ அத்தனையும் அடக்கிவிட வேண்டும் என்ற ஆசை எனக்கும் புரிகிறது. ஆனாலும் அந்த நிரலை நான் எதிர்த்தேன். கூட்டத்தில் படபடப்பில் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு செய்தி. பிலிப்பைன்ஸ் கோர்டில்லேரா மலைத்தொடரின் படிவயல்கள் 1995ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. ஆனால், பட்டியலில் உள்ளவை ஐந்து தொகுதிகள்தாம்: பாத்தாட், பங்கான், மயோயாவ், ஹுங்டுவான், நகாகடான். பனாவே நகரின் காட்சிமுனையிலிருந்து நாம் பார்க்கும் வயல் அந்த ஐந்தில் இல்லை. 2010இல் வெளிவந்த 20 பெசோ தாளின் பின்பக்கத்தில் அச்சாகியிருப்பது பனாவே வயல்தான். ஆனாலும் நடுவே புதுக் கட்டடங்கள் எழும்பிவிட்டதால் அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை. நம் சுற்றறிக்கையில் ‘உலகப் பாரம்பரியச் சின்னத்தைக் காண வாரீர்’ என்று எழுதிவிட்டு, பட்டியலில் இல்லாத வயலை இரண்டு மணி நேரம் காட்டிவிட்டு வருவது என்ன கணக்கு?

பாத்தாட் பனாவேயிலிருந்து அதிகத் தூரம் இல்லை. ஜீப்னியில் ஏறி மலைச்சாலையில் போக வேண்டும். சாலை முடியும் இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் போல நடக்க வேண்டும். அரைவட்ட அரங்கு ஒன்றைக் குடைந்து வைத்தாற்போல மூன்று பக்கமும் வயல், கீழே சிற்றூர். வயல்களின் தாங்குசுவர் அங்கே கல்லால் கட்டியது. கல்லைச் சுமந்ததும் அடுக்கியதும் கைதான். இன்றும் சாலை முனைக்கு அப்பால் அரிசி மூட்டை, சிமெண்டு, எரிவாயுத் தோம்பு எல்லாம் ஆள் தோளில்தான் ஊருக்குள் போகின்றன. அந்த ஊரில் தங்கும் வீடுகள் உண்டு. நான் முன்மொழிந்த மாற்று நிரல் இதுதான்: அதே ஐந்து நாளில் சகாடாவையும் பாகியோவையும் எடுத்துவிட்டுப் பாத்தாட்டில் இரண்டு இரவு. பேருந்தில் இரண்டு இரவு போகத்தான் செய்யும். அதற்கு மாற்று வழி இல்லை. (அந்தப் பேருந்தில் குளிரூட்டியை எவரும் குறைக்கமாட்டார்கள் என்று போய்வந்த அக்கா ஒருவர் எச்சரித்திருக்கிறார். மலையில் போட எடுத்துப்போகும் குளிராடையைப் பேருந்திலேயே போட்டுக்கொள்ள நேரிடுமாம்.)

காலம் பற்றியும் ஒரு சொல். சிலர் பயணத்தை நீண்ட விடுமுறைக்கு, ஆகஸ்டு மாதத்துக்குத் தள்ளலாம் என்றார்கள். அங்கே மலைவயலில் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு போகம். ஆண்டுத் தொடக்கத்தில் நடவு, ஜூன் ஜூலையில் அறுவடை. ஆகஸ்டில் போனால் அறுத்த தாளையும் சேற்றையும் பார்க்கலாம். கூடவே புயற்காலம், மண்சரிவால் சாலை அடைபடும் காலம். ஏப்ரல் கடைசியில் விழும் நம் இடைவிடுமுறைதான் பயிர் பச்சையாக நிற்கும் நேரம். அதனால் தேதியை மாற்ற வேண்டாம் என்பதில் அண்ணனோடு நானும் ஒரே கட்சி.

இனி, உண்மையாகவே என்னைத் தொந்தரவு செய்த விஷயத்துக்கு வருகிறேன்.

நிரலில் இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு நேராக ஒரு வரி இருந்தது: ‘பாரம்பரிய உடையணிந்த மூதாட்டிகளுடன் புகைப்படம்.’ பனாவேயின் காட்சிமுனையில் சில வயதான இஃபுகாவ் பெண்கள் நெய்த சிவப்புத் துணியும் இறகு செருகிய தலையணியும் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கூட நின்று படம் எடுத்துக்கொண்டு சில்லறை கொடுத்துவிட்டு வரலாம். அந்த வரியைப் படித்ததும் எனக்கு என் பாட்டியின் நினைவு வந்தது.

பாட்டி கேமரன் மலையில், ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். இப்போது தாப்பாவில் எங்களோடு இருக்கிறார். தோட்டத்துச் சாலையில் கார் நின்றால் அவருக்குத் தெரியும், படம் பிடிக்க ஆள் வந்துவிட்டது என்று. ஒரு முறை ஒரு வெள்ளைக்காரத் தம்பதி இறங்கி வந்திருக்கிறார்கள். படம் என்றதும் பாட்டி, இடுப்பில் சுற்றியிருந்த ஈரப் பிளாஸ்டிக் துணியை அவிழ்த்து, முதுகுக் கூடையை இறக்கிவைத்து, தலைத்துண்டை எடுத்து முடியைக் கோதிக்கொண்டு நின்றாராம். படம் என்றால் அப்படித்தானே நிற்பார்கள்? அந்த மனிதர் கையை ஆட்டி ‘வேண்டாம், வேண்டாம்’ என்று சைகை காட்டியிருக்கிறார். கூடையை மறுபடி மாட்டிக்கொள்ளச் சொல்லி, துண்டைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, செடிக்கு நடுவில் போய்க் குனியச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார்.

"அவுங்களுக்கு நான் வேணாம்டி, கூடதான் வேணும்" என்று பாட்டி இதைச் சொல்லிச் சிரிப்பார். பல தடவை கேட்ட கதை. சின்ன வயதில் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

காட்சிமுனையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்களைக் குறை சொல்ல நான் யார்? அதுவும் ஒரு வருமானம். முதிய வயதில் வயலில் இறங்க முடியாதவருக்கு அந்தச் சில்லறை பெரிது. என் எதிர்ப்பு அவர்கள்மேல் அல்ல. நம் நிரலில் அவர்களை ஒன்பது மணிக்கும் ஒன்பதேகாலுக்கும் நடுவே எழுதி வைத்ததன்மேல். தேயிலைத் தோட்டத்திலும் ரப்பர் தோட்டத்திலும் லயத்து வீடுகளிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இன்று கேமரனுக்குப் போனால் நம் பாட்டிகள் நின்ற இடத்தில் வங்காளதேசத்துக்காரரும் நேப்பாளியரும் நிற்கிறார்கள். நாமே கைப்பேசியை நீட்டுகிறோம். யாரும் பெரிய பாவம் செய்துவிடவில்லை. ஆனால், இன்னொரு நாட்டுக்கும் போய் இன்னொரு பாட்டியைக் கூடையை மாட்டச் சொல்வதற்குப் பெயர் கல்விச் சுற்றுலா என்று வைக்க வேண்டாம்.

இதிலேயே ஒரு பெரிய கேள்வியும் இருக்கிறது. அதற்கு எனக்கு முழு விடை கிடைக்கவில்லை.

2001ஆம் ஆண்டு யுனெஸ்கோ இந்தப் படிவயல்களை ‘அழியும் நிலையில் உள்ள பாரம்பரியம்’ என்ற பட்டியலுக்கு மாற்றியது. கணிசமான வயல்கள் கைவிடப்பட்டுக் கிடந்தன. இளையோர் பாகியோவுக்கும் மணிலாவுக்கும் வேலை தேடிப் போய்விட்டார்கள். சுவரில் ஒரு கல் பெயர்ந்தால் அதே வாரம் எடுத்துவைக்க ஆள் வேண்டும்; விட்டால் அடுத்த மழையில் அந்தப் படி கீழ்ப்படியின்மேல் விழும். 1980களில் உணவுக்கென்று நாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட பொன்னிற நத்தை வயலுக்குள் புகுந்து இளம் நாற்றைத் தின்றது. மண்புழுக்கள் வரப்பைத் துளைத்து நீரை வடித்தன. வயல்களுக்கு மேலே, ‘முயோங்’ என்று அவர்கள் அழைக்கும் குடும்பக் காடுகள் இருக்கின்றன. மழைநீரைப் பிடித்து வைத்து வயலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அந்தக் காடுதான். காடு குறைந்தால் வயல் வற்றும். பல சீரமைப்புகளுக்குப் பின் 2012இல் அழிவுப் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது. ஆனாலும் இளையோர் வெளியேறுவது நின்றுவிடவில்லை.

ஏன் நிற்கும்? ‘தினாவோன்’ என்ற அந்த மலைநெல் ஆண்டுக்கு ஒரு முறைதான் விளைகிறது. விளைவது பல குடும்பங்களுக்கு ஆண்டு முழுவதுக்கும் போதாது. கீழ்நாட்டு அரிசியை மூட்டையாக வாங்கித்தான் உண்கிறார்கள். உலகமே வந்து பார்க்கும் நெல்வயலின் சொந்தக்காரர், கடை அரிசி வாங்குகிறார்! சுற்றுலாப் பணமோ விடுதிக்கும் பேருந்துக்கும் போகிறது. வயலில் இறங்கிச் சுவர் எடுத்துக் கட்டுபவர் கைக்கு வருவது குறைவு.

‘இளைஞர்கள் முன்னோர் தொழிலை விட்டு ஓடுகிறார்கள், ஐயோ’ என்று எழுதிவிடுவது எளிது. நம் இதழிலேயே அப்படிப்பட்ட கட்டுரைகள் வந்திருக்கின்றன. என்னால் அப்படி எழுத முடியாது. என் அம்மா கொழுந்துக் கூடையைத் தொடக்கூடாது என்பதற்காகத்தான் பாட்டி முப்பது ஆண்டு அந்தக் கூடையைச் சுமந்தார். அம்மா தோட்டத்தை விட்டு வெளியேறாமல் இருந்திருந்தால் நான் இந்தப் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து கருத்துக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். பாத்தாட்டில் ஓர் இளைஞன் மண்வெட்டியை வைத்துவிட்டுப் பாகியோவில் தாதிமைக் கல்வி படிக்கப் போனால், ‘போகாதே, உன் வயல் உலகத்தின் சொத்து’ என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? அதே சமயம், அந்த வயல் இடிந்து புல் மூடிப்போனால் எனக்கு வயிறு எரியும் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் நான் இந்தப் பயணத்துக்குப் போக விரும்புகிறேன்.

இந்த வயல்களின் வயது பற்றியும் கூட்டத்தில் பேச்சு வந்தது. சுற்றறிக்கையில் ‘2,000 ஆண்டுப் பழமை’ என்று போட்டிருந்தார்கள். அது பழைய மதிப்பீடு. இருபதாம் நூற்றாண்டில் ஓட்லி பேயர் போன்ற மானிடவியலாளர்கள் சொன்னது. பாடநூல்களிலும் அதுவே நிலைத்துவிட்டது. பின்னர் ஸ்டீபன் அகபாடோ முதலிய தொல்லியலாளர்கள் கியாங்கான் பகுதியில் அகழ்ந்து, கரிமக் காலக்கணிப்புச் செய்து, வேறு கதையைச் சொன்னார்கள். முன்பு அங்கே விளைந்தது சேப்பங்கிழங்கு. நீர்கட்டி நெல் விளைவித்த படிவயல்கள் பெருகியது ஸ்பானியர் வந்த பிறகு, ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்குள் என்பது அவர்கள் முடிவு. ஸ்பானியருக்கு அடங்க மறுத்து மலைக்குள் ஏறியவர்கள், குறுகிய காலத்தில் மலையையே வயலாக்கினார்கள். இதைச் சொன்னபோது, "அப்படியானால் அவ்வளவு பழமை இல்லையா?" என்று ஒருவர் ஏமாற்றத்தோடு கேட்டார். எதற்கும் ஆண்டில் ஒரு சுழியம் கூட்டிச் சொன்னால்தான் பெருமை என்ற பழக்கம் நமக்கும் இருக்கிறது. எனக்கு 400 ஆண்டுக் கதைதான் அதிகம் பிடித்திருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டு இருந்தால் மெதுவாகச் செய்திருப்பார்கள். இவர்கள் அவசரத்தில் செய்திருக்கிறார்கள்.

மொழிக்கழகம் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இஃபுகாவ் மக்களிடம் ‘ஹுட்ஹுட்’ என்ற கதைப்பாடல் மரபு இருக்கிறது. நெற்பயிருக்குக் களை எடுக்கும்போதும் அறுக்கும்போதும் இறந்தவரைக் காத்து விழித்திருக்கும் இரவிலும் பாடுவார்கள். முன்னின்று பாடுபவர் பெரும்பாலும் முதிய பெண். இருநூறுக்கும் மேற்பட்ட பாடல்கள், ஒவ்வொன்றிலும் நாற்பது பகுதிகள். முழுதும் பாட நாள் கணக்கில் ஆகும். யுனெஸ்கோ 2001இல் இதை மானுடத்தின் வாய்மொழிப் பாரம்பரியங்களில் ஒன்றாக அறிவித்தது, 2008இல் பட்டியலிட்டது. வயல் வேலையோடு பிறந்த பாட்டு, வயல் வேலை குறைந்தால் எங்கே போகும்? பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று படித்தேன். களத்தில் பாடியது வகுப்பறைக்கு வந்திருக்கிறது.

அந்நாட்டில் 2012 முதல் தொடக்க வகுப்புகளில் தாய்மொழிவழிக் கற்பித்தல் இருந்தது. 2024 அக்டோபரில் வந்த ஒரு சட்டம் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. பல மொழி பேசும் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருக்கும்போது எந்த மொழியில் நடத்துவது என்பது உண்மையான சிக்கல்தான். ஆனால், தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு எல்லாப் பாடத்தையும் தமிழில் படித்துவிட்டு, தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போய், சனிக்கிழமை காலை ஒரு தமிழ் வகுப்புக்காகத் தனியாகப் பேருந்து ஏறிய எனக்கு அந்தச் செய்தியைச் சும்மா கடந்துபோக முடியவில்லை. நமக்குக் கிடைத்த ஆறாண்டு எத்தகையது என்று அந்த ஊர் ஆசிரியர் ஒருவரோடு அரைமணி நேரம் பேசினால் தெரியும். அந்த அரைமணி நேரத்துக்கு அண்ணனின் நிரலில் இடமில்லை. பாத்தாட்டில் இரண்டு இரவு தங்கினால் இடம் கிடைக்கலாம்.

கூட்டத்தில் எழுந்த மற்ற மறுப்புகளையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ‘படிவயல்தான் வேண்டுமென்றால் பாலி பக்கம்தானே’ என்றார்கள். உண்மை. பாலியின் நீர்ப்பங்கீட்டு முறையும் வயல்களும் 2012இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. கோயிலும் உண்டு, இரவுப் பேருந்துத் தொல்லையும் இல்லை. பாலிக்கு வாக்களித்தால் நான் எதிர்க்கமாட்டேன். ‘சிக்கிஞ்சானில் இல்லாத நெல்லா?’ என்று ஒருவர் கேட்டதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. அவர் பயணத்துக்கு வரவும் போவதில்லை.

பெண் பிள்ளைகளை வீட்டில் விடுவார்களா என்பது பெரிய கேள்வி. பதினொருவரில் ஆறு பேர் பெண்கள். ‘பாகியோ நகரம்’ என்றால் சம்மதிக்கும் பெற்றோர், ‘சாலை இல்லாத ஊரில் இரண்டு இரவு’ என்றால் தயங்குவார்கள். இதற்கு நானும் ஓர் அக்காவும் வீடுவீடாகத் தொலைபேசியில் பேசத் தயார். தங்குமிடத்தின் முகவரி, வழிகாட்டியின் பெயர், திரும்பும் நேரம் மூன்றையும் எழுதிக் கொடுத்தால் பாதி அம்மாக்கள் இறங்கி வருவார்கள். மலேசியர்களுக்கு முப்பது நாள்வரை விசா தேவையில்லை, நம் ஊருக்கும் அங்கும் கடிகாரம் ஒன்றே என்பதையும் சொல்லலாம். என் அம்மாவிடம் கடிகார விஷயம்தான் எடுபட்டது.

செலவில் பெரிய மாற்றம் இல்லை. இரண்டு ஊர்களுக்கு வாடகை வண்டி எடுக்கும் பணம் மிச்சமாகிறது. அதை மணிலாவில் உள்ள முகவருக்குக் கொடுக்காமல் பாத்தாட்டில் தங்கும் வீட்டுக்கும், அந்த ஊர் வழிகாட்டிக்கும், நம் மூட்டையைத் தூக்குபவருக்கும் நேராகக் கொடுக்க வேண்டும். பேரம் பேச வேண்டாம். வயலின் சுவர்மேல் நடக்கும்போது வழிகாட்டி காட்டும் தடத்தில் மட்டும் நடக்க வேண்டும். அது நடைபாதை என்று நாம் நினைப்பது, அவர்களுக்கு வரப்பு. நிரலில் ‘புலூல் பொம்மை வாங்குதல்’ என்றும் ஒரு வரி இருக்கிறது. புலூல் பொம்மை அல்ல. நெற்களஞ்சியத்தைக் காப்பதாக அவர்கள் வைத்த மர உருவம். தோட்டத்து முனீஸ்வரனை யாராவது சாவிக்கொத்தில் மாட்டினால் நமக்கு எப்படி இருக்கும்?

படம் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டு நாள் தங்கி, ஒருவரோடு உட்கார்ந்து சாப்பிட்டு, அவர் பெயரைத் தெரிந்துகொண்ட பிறகு எடுக்கலாம். அவர் கூடையை இறக்கிவிட்டு நிற்க விரும்பினால், இறக்கிவிட்டு நிற்கட்டும்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை செயலவை மீண்டும் கூடுகிறது. இரண்டு நிரலும் வாக்கெடுப்புக்கு வரும். என் கணக்குப்படி இப்போதைக்கு ஐந்துக்கு நான்கு. நான் தோற்கும் பக்கத்தில் இருக்கிறேன். இரண்டு பேர் இன்னும் முடிவு செய்யவில்லை. அவர்களுக்காகத்தான் இவ்வளவும்.

சென்ற வாரம் வீட்டுக்குப் போனபோது பாட்டியிடம் படங்களைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இம்புட்டுச் சரிவுல தண்ணி எப்படிடி நிக்குது?" என்று கேட்டார். தெரிந்தவரை சொன்னேன். அங்கேயும் வெற்றிலை பாக்குப் போடுவார்கள், வாய் சிவக்கச் சிவக்க மெல்வார்கள் என்று சொன்னதும் முகம் மலர்ந்தது. "அப்ப நல்ல சனந்தான். எனக்கு அந்தூருப் பாக்குக் கொஞ்சம் வாங்கியாந்துரு" என்றார். விமான நிலையத்தில் பாக்கை விடுவார்களா என்று விசாரிக்க வேண்டும்.